பிராந்திக் கடை இல்லாத வழி

குடியை விட வைக்கும் தொழிலில் இருப்பவனுக்குப் பேச்சுத் திறமை வேண்டாம், காலில் பலம் வேண்டும். வீட்டில் ஒரு குடிகாரரை வைத்துக்கொண்டு படாத பாடு பட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அந்த ஒருவர் நீங்களேதான் என்றால் இன்னும் சீக்கிரம் புரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் அருளப்பன் சிட்லபாக்கத்தில் தன் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை இதற்கென்று ஒதுக்கினார். கூடமாட நின்றவன் நான், முன்னாள் ஹவில்தார். அவர் சர்வீஸில் ஒரு சொட்டுத் தொடாதவர். அவர் பங்கையும் சேர்த்துக் குடித்தவன் நான். நிறுத்தி அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெளிந்து வருகிறவர்களை நாற்பது நாள் வைத்துக்கொள்வோம். எங்களிடம் இருந்தது ஒரே வைத்தியம். எவனுக்குக் குடிக்க வேண்டும் என்று பரபரவென வருகிறதோ அவன் எழுந்து நிற்க வேண்டும், நான் செருப்பைப் போட வேண்டும், அது அடங்கும்வரை இரண்டு பேரும் நடக்க வேண்டும்.

சிவப்புப் புள்ளிகள்

நடக்கிற வழியில் பிராந்திக் கடை இருக்கக் கூடாதே. சுபேதார் ஒரு சார்ட் பேப்பரில் மேப் போட்டார். ஏரிக்கரை, ஸ்டேஷன், ஜி.எஸ்.டி. ரோடு எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன. கடை இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி. எந்தப் புள்ளியையும் தொடாமல் வளைந்து வளைந்து போகும் நீலக் கோடு, அதுதான் நாங்கள் நடக்கிற வழி. சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று ரசித்தார்.

அன்றைக்குத்தான் ஏழுமலை வந்து சேர்ந்திருந்தான். கடப்பேரியில் போர்டு எழுதுகிற பெயின்டர். அவன் மனைவி சரோஜா, மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு பெரும்பாக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பது நாள் முழுசாகத் தாண்டினால் திரும்பி வருவேன், ஒரு நாள் குறைந்தாலும் இந்த முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஏழுமலை மேப்பை மேலும் கீழும் பார்த்தான். சிவப்புப் பென்சிலைக் கேட்டு வாங்கி, நீலக் கோட்டின் மேலேயே ஒன்பது புள்ளி வைத்தான். பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் ஒன்று, சைக்கிள் கடைக்குள்ளே ஒன்று, பம்புசெட் ரூமில் ஒன்று. அதோடு நிற்காமல் கடப்பேரியில் அவன் தெரு வரைக்கும் கை போயிற்று, அங்கேயும் நாலு வைத்தான். சுபேதார் நம்பவில்லை. நான் நம்பினேன். அதில் மூன்று கடை எனக்கே பழக்கம்.

ஏழுமலை பென்சிலைத் திருப்பிக் கொடுத்தான். "நீங்க போட்டதெல்லாம் போர்டு வெச்ச கடை சார், நான் எழுதுன போர்டுதான். காலீல ஆறு மணிக்குக் கை நடுங்கச்சொல்ல போர்டு இல்லாத கடைதான் தொறந்து கீது."

நகல்

இப்போது எங்களிடம் இருந்தது முழுமையான மேப். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டோம். லாரி மெக்கானிக் பரமசிவம் வந்த நாலாம் நாள் மத்தியானம் காணாமல் போனான். தினசரி காலண்டரில் ஒரு தாளும் கிழிந்திருந்தது. அந்தத் தாளின் பின்பக்கத்தில் அவன் மேப்பைப் பார்த்து எழுதியதை அடுத்த கட்டில்காரர் பார்த்திருக்கிறார். வழி தெரியாமல் போய்விடக் கூடாதே என்று எழுதுகிறான் என நினைத்தாராம். நினைத்தது சரிதான்.

மூன்றாம் நாள் தானாகவே திரும்பி வந்தான். கண் சிவந்து, சட்டை கிழிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. சுபேதாருக்குக் கோபம் அவன்மேல் வரவில்லை, தன்மேல் வந்தது. மேப்பை எதிரி கையில் கொடுக்கக் கூடாது என்று எத்தனையோ சிப்பாய்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். மேப்பைச் சுவரிலிருந்து கழற்றினார். டிரங்குப் பெட்டிக்குள் அவர் வைக்கும்போது பரமசிவம் பக்கத்தில் போய், ரொம்பப் பொறுப்பாக ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினான்.

"இந்தப் பம்புசெட் கடையை அடிச்சுடுங்க சார், மூடிட்டான். மத்ததெல்லாம் கரெக்டா கீது."

வீணாகப் போகும் கோட்டா

பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் எங்களுக்கு ஒரு சீலிங் ஃபேன் வாங்கித் தந்தார். அது சுற்றுகிறதா என்று பார்க்க அடிக்கடி வருவார். ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் மிலிட்டரி கேண்டீன்ல மாசாமாசம் ரம் கோட்டா உண்டாமே. நீங்கதான் தொடறதில்ல, வேஸ்டாத்தானே சார் போகுது?" என்றார். சுபேதார் ஃபேனையே பார்த்தார். அதைக் கழற்றிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தாரோ என்னவோ.

எனக்கோ ரம் என்ற சொல்லைக் கேட்டதும் நாக்கில் ஊறியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்கு வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன். பின்னாலேயே ஏழுமலை வந்தான். அவன் வந்து அப்போது பதினேழு நாள். ஒன்றும் கேட்காமல் ஏரிக்கரைப் பக்கம் என்னைத் திருப்பிவிட்டுக் கூடவே நடந்தான். ஒரு சுற்று முடிந்ததும், நீ எதற்கு வந்தாய் என்று கேட்டேன்.

"நீங்க எயுந்து நின்னீங்க அண்ணா. நான் செருப்பு போடணும்ல, அதானே ரூலு."

சிலேட்டு

சரோஜா ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். உள்ளே வர மாட்டாள். கேட்டுக்கு வெளியே நின்றபடி மகளின் சிலேட்டை நீட்டுவாள். ஏழுமலை அதில் செல்வி என்று எழுத வேண்டும். முழு ஆள் உயரத்துக்கு எழுத்து எழுதிப் பழகிய கை, முதல் ஞாயிறு அந்த நாலங்குல எழுத்துக்கு அப்படி நடுங்கியது. அவள் எழுத்தை உற்றுப் பார்ப்பாள், சிலேட்டைப் பையில் போடுவாள், பஸ்ஸுக்குப் போவாள்.

ஐந்தாவது ஞாயிறு கோடு அசையாமல் நின்றது. ஏழுமலை கொஞ்சம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவள் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "கை நின்னுடுச்சு அண்ணா. காலு நிக்குதான்னு பாப்போம்."

நாற்பதாவது நாள்

சாயந்திரம் நாலு மணிக்குச் சரோஜா வந்து அவனை அழைத்துப் போவதாக ஏற்பாடு. காலையிலிருந்து அவன் ஓர் இடத்தில் உட்காரவில்லை. இரண்டு தடவை ஷேவ் செய்துகொண்டான். பதினொரு மணிக்கு எழுந்து நின்றான். ஏரியை மூன்று சுற்றுச் சுற்றியும் அடங்கவில்லை. "குடிச்சிட்டு வூட்டுக்குப் போவத் தெரியும் அண்ணா. சும்மா எப்படிப் போறது?" என்றான். நிறுத்திய புதிதில் நானும் வீட்டுக்குப் போகப் பயந்து ஸ்டேஷன் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்து மேப்பை எடுத்தோம். சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் பிரச்சினை இல்லை. ரோட்டைத் தாண்டிக் கடப்பேரிக்குள் போனால், எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் அவன் தெருவுக்குள் போக வேண்டும், அங்கே அந்த நாலு சிவப்புப் புள்ளி. அவனே வைத்தவை. அவன் வீட்டுக்கு வழியே இல்லை. சுபேதார் நீலப் பென்சிலோடு குனிந்தவர் நிமிரவில்லை. ஏழுமலையின் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்குப் போக மாட்டான் என்று தோன்றியது. போகாவிட்டால் அவள் இனி வரமாட்டாள் என்பதும் தெரியும்.

நாலு மணிக்குச் சரோஜா மகளோடு வந்தாள். அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். மூன்று ஆம்பிளைகள் ஒரு காகிதத்தின்மேல் குனிந்திருப்பதைப் பார்த்து என்ன விஷயம் என்றாள். சொன்னேன். மேப்பை அவள் பார்க்கவே இல்லை. தெருவில் எந்தப் பக்கம் எத்தனை கடை என்று மட்டும் புருஷனிடம் கேட்டாள். இடது பக்கம் மூன்று, வலது பக்கம் ஒன்று என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இதுக்கா இவ்ளோ நேரமா நின்னுகினு கீறீங்க? மூணு கீற பக்கம் நான் வரேன், ஒண்ணு கீற பக்கம் செல்வி வரட்டும். நீ நடுவுல வா."

கேட்டைத் தாண்டியதுமே மூன்று பேரும் தெருவை அடைத்துக்கொண்டு நடக்க, பின்னால் வந்த சைக்கிள்காரர் பெல் அடித்து அலுத்துப் போனார். எங்கள் தொழிலில் குணமாகி வீட்டுக்குப் போவது என்றால் இவ்வளவுதான்.