எதிர் வாசலில் எங்கள் செருப்பு

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம் பாதியில் இருக்கும்போது காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால்… எதிர் வீட்டு ரகுநாதன்!

எனக்குப் பகீரென்றது. கடைசியாக அவர் இப்படி பெல் அடித்தபோது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் எங்களுடையது பழைய அபார்ட்மென்ட். மாடிக்கு இரண்டே வீடு. வெள்ளிதோறும் எங்கள் வீட்டில் இருபது பேராவது கூடி ஜெபிப்போம். வருகிறவர்கள் செருப்பை எங்கே விடுவார்கள்? எங்கள் வாசல் நிரம்பினால் எதிர் வாசல்தான்!

ரகுநாதன் குடும்பம் மூன்று தலைமுறையாக இதே ஊரில் இருக்கிறது. தாத்தாவுக்கு அரசு உத்தியோகம், பேரனான இவருக்கு வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. எந்தச் சாமியையும் நம்பாத மனிதர். "சார், ரெண்டு மணி நேரம் டிராஃபிக்ல நின்னுட்டு வரேன். என் வீட்டுக்குள்ள போக உங்காளுங்க செருப்பைத் தாண்டணுமா?" என்று சிரித்தபடி கேட்பார். நானும் சிரித்து மழுப்புவேன்.

இவரை எப்படியாவது ஆண்டவரிடம் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எங்களுக்கு ஒரே துடிப்பு. கதவிடுக்கில் துண்டுப் பிரசுரம் செருகிப் பார்த்தோம். கிறிஸ்துமஸ் கேக்கோடு வசன காலண்டர் கொடுத்துப் பார்த்தோம். ம்ஹூம்!

ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் கூட்டத்தின் வெண்கலக் குரலான ஞானராஜ் அண்ணன் எழுந்து முழங்கினார். "எதிர் வீட்டு ரகுநாதனோட கல் நெஞ்சை உடையும் ஆண்டவரே! சுக்குநூறா உடையும்!"

நாங்கள் அத்தனை பேரும் "ஆமென்!" என்றோம். ஜன்னல் திறந்திருந்தது… எதிர் வீட்டு ஜன்னலும்தான்.

பெல் அடித்தது. "கல் நெஞ்சுக்காரன் வந்திருக்கேன் சார். மாலதி உள்ள அழுதுட்டிருக்கா. அவ புருஷன் நெஞ்சு உடையணும்னு ஊரே கூடி வேண்டினா அழமாட்டாளா? இத்தனை நாள் உங்க செருப்பைத் தாண்டித்தானே போனேன்… ஒருநாள் தூக்கிப் போட்டிருக்கேனா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து செருப்பெல்லாம் எங்கள் பால்கனியில்; ஜன்னலைச் சாத்திக்கொண்டு முணுமுணு ஜெபம். ரகுநாதனோ என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் மாலதிக்கு இதய வால்வில் கோளாறு என்று தெரிந்தது. ஆபீஸ், ஆஸ்பத்திரி, வீடு என்று அந்த மனிதர் அலைந்தார். ஏழு வயது மகள் நிலாவை மூன்றரை மணிக்கு ஸ்கூல் பஸ்ஸிலிருந்து கூட்டிவர ஆளில்லை. என் மனைவி ஸ்டெல்லா நேரே போய்க் கதவைத் தட்டினாள். "நிலாவை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு வந்து, என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, உங்க பிரசங்கம் ஒரு வார்த்தை அந்த வீட்டுக்குள்ள போகக்கூடாது. கஷ்டத்துல இருக்கறவங்ககிட்ட ஆள் பிடிக்கிற மாதிரி ஆயிடும். வேலையை மட்டும் பாருங்க!"

பேசியும் எழுதியும் பிழைக்கிறவனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா? ஆனாலும் மூடிக்கொண்டேன். தினமும் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். "நிலா, அங்கிள் பந்த்ரு!" என்று, நான் வந்துவிட்டதைப் பஸ் ஆயா கன்னடத்தில் குரல் கொடுத்துச் சொல்ல, குழந்தை குதித்து இறங்கும். ஸ்டெல்லா அவர்களுக்கும் சேர்த்தே சமைத்தாள். ஊழியம் என்றால் மேடையும் மைக்கும் என்று நினைத்திருந்தவன் நான். குடை பிடித்துக்கொண்டு ஒரு ஸ்கூல் பையைத் தூக்கிவருவதும் அதுதான் என்று ஐம்பத்தெட்டு வயதில்தான் உறைத்தது.

இப்போது போன வெள்ளிக்கு வருவோம். வாசலில் நின்ற ரகுநாதன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"திங்கட்கிழமை ஆபரேஷன் சார். மாலதிக்கு ரொம்ப பயமா இருக்கு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க. அவ பேரைச் சொல்லி… சத்தமா. அவளுக்குக் கேக்கணும்."

ஸ்டெல்லா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். ஞானராஜ் அண்ணன் எழுந்தார். "முதல்ல என்னை மன்னிச்சிடுங்க தம்பி" என்று ரகுநாதன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஜெபித்தார் பாருங்கள்… கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்!

திங்கள் மதியம் போன் வந்தது. "பிழைச்சுட்டா சார்!" நான் போட்ட அல்லேலூயாவில் ஸ்டெல்லா கையிலிருந்த கரண்டி விழுந்தது. இந்தத் தடவை அவள் என்னை அடக்கவில்லை. அவளும் சேர்ந்து போட்டாள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாலதி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ரகுநாதன் என்னை வராண்டாவுக்குக் கூட்டிப்போனார்.

"டாக்டர்தான் காப்பாத்தினார். சாமியை நான் இன்னும் நம்பல சார்."

"சரி சார்."

"ஆனா ரெண்டு மாசமா எங்க வீட்டைத் தாங்கினீங்க. ஒரு தடவைகூட உங்க சாமியைப் பத்திப் பேசலை. உங்களையே பேசாம இருக்க வெச்சாரே… அவர் யாருன்னு தெரிஞ்சுக்கணும்."

ஸ்டெல்லாதான் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கண்தான் அடங்கவில்லை.

"மாலதி வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை வரேன்" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "செருப்பை எங்க சார் விடணும்?"

"உங்க வாசல்லதான் சார்… நாங்கெல்லாம் அங்கதானே விட்டோம்!"