எங்க சாமிக்கு ஒரு மொட்டை

போன புதன்கிழமை மத்தியானம். ஆபீஸிலிருந்து சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வெற்றிலைக் கடை நாயுடு வழிமறித்தார்.

"என்ன சார், பாப்பாவுக்கு மொட்டையாமே! எப்ப மல ஏறினீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேனே!"

சிரித்தேன். திருத்தணியில் மொட்டைக்கா பஞ்சம்? கிருத்திகை வந்தால் தெருவே வழவழவென்று மின்னும். யார் வீட்டுக் குழந்தையையோ பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். இந்த ஊரில் இருக்கும் ஏழெட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் எங்களுடையது ஒன்று. அதிலும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கு வாத்தியார் நான்தான். என் வீட்டில் மொட்டையா?

வாசலில் என் மகள் எஸ்தர் நின்றிருந்தாள். பத்து வயது. காலையில் நீளச் சடையோடு பள்ளிக்கூடம் போனவள். இப்போது சடை இல்லை... சந்தனம் இருந்தது.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவந்தபோதுகூட நான் நிதானமாக இருந்தவன். (மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நிதானமாக இருந்தேன்.) அன்று நிதானம் போய்விட்டது.

"யார் செஞ்சது?"

"முனுசாமி அண்ணன், நைனா."

ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். குளத்தங்கரைக்கு ஓடினேன். முனுசாமி எனக்கு வாராவாரம் சவரம் செய்கிறவர். கத்தியைத் தீட்டிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்:

"ஆங், நான்தாங்க. பாப்பா வந்து 'பிரார்த்தனை'ன்னுச்சு. பிரார்த்தனைன்னு வந்து குந்திட்டா நான் வேணான்னு சொல்ல முடியுங்களா?"

"எந்த சாமிக்குன்னு கேக்க மாட்டியாய்யா?"

"கேட்டேனே! 'எங்க சாமிக்கு'ன்னுச்சு. இந்த ஊருல மொட்ட வாங்குற சாமி ஒண்ணுதானேன்னு..."

"சந்தனம் எதுக்கு?"

"மொட்டைய சும்மா அனுப்பினா பாவம் சார். அது என் கைக்காசு, நீங்க ஒண்ணும் தர வேணாம்."

வீட்டுக்குத் திரும்பினேன். எஸ்தரை உட்கார வைத்து விசாரித்தேன். என்ன பிரார்த்தனை? அழவில்லை அவள். அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னாள்.

அவள் அம்மா கிருபை டைபாய்டில் படுத்திருந்ததை வாசகர்களாகிய உங்களுக்கு நான் எழுதவில்லை. எழுதும் நிலையில் இல்லை. இருபத்தோரு நாள் தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தாண்டியது. போன வாரம்தான் ரசம் சாதம். அம்மா பிழைத்தால் முடியைத் தருகிறேன் என்று எஸ்தர் இயேசுசாமியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். இவள் கொடுத்துவிட்டாள்.

"யாரும்மா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான் நைனா."

நானேதான்! ஆதிச் சபையின், அதாவது முதல் கிறிஸ்தவர்களின், சரித்திரத்தில் எனக்குப் பைத்தியம். பட்டணத்திலிருந்து தடித்தடியாகப் புஸ்தகம் வரவழைத்துப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் தலையில் கொட்டுவேன். பவுல் அப்போஸ்தலர் ஒரு பிரார்த்தனைக்காகத் தலையைச் சிரைத்துக்கொண்டார் என்று வேதத்தில் இருக்கிறது. நம் தமிழ் வேதத்தில் அந்த இடத்தில் 'பிரார்த்தனை' என்றே போட்டிருக்கிறார்கள். முனுசாமி சொல்லும் அதே வார்த்தை! நான் சும்மா இருப்பேனா? "பவுல் நம்ம ஊர்ப்பக்கத்து ஆளா இருப்பாரு போலிருக்கு" என்று ஒரு ஜோக் அடித்தேன். வகுப்பே சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

ஆதிக் கிறிஸ்தவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் — அவர்கள் எல்லாரும் எப்போதோ செத்துப்போனவர்கள். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி முளைத்தால்தான் கஷ்டம்.

அதோடு முடியவில்லை. எஸ்தர் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். உள்ளே சடை. ரிப்பன்கூட அவிழ்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழம காணிக்கப் பையில போடணும் நைனா."

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அரக்கோணத்திலிருந்து பாதிரியார் வருவார். இந்த ஞாயிறு அந்த ஞாயிறு! தப்பு என்று சொன்னால், அம்மாவுக்காக இவள் வேண்டிக்கொண்டதே தப்பு என்று ஆகிவிடும். அப்புறம் இந்தக் குழந்தை எதை நம்பி வாயைத் திறந்து ஜபம் செய்யும்? சரி என்று சொன்னால், பாதிரியார் என் வகுப்பைப் பிடுங்கிவிடுவார். நடுவழி ஒன்றைப் பிடித்தேன்.

"இதெல்லாம் அவங்க வழக்கம்மா. நம்ம வழக்கம் இல்ல."

"பவுல் அவங்க ஆளா, நம்ம ஆளா நைனா?"

எந்தத் தடிப் புஸ்தகத்திலும் இதற்குப் பதில் கிடையாது. அதனால், பதில் தெரியாத தகப்பன்மார்கள் செய்வதைச் செய்தேன். குரலை உயர்த்தினேன். "பையில போடக் கூடாதுன்னா போடக் கூடாது!"

கட்டிலிலிருந்து கிருபையின் குரல் வந்தது.

"ஏங்க, கொழந்தைய எதுக்கு மெரட்டிகினு கீறீங்க? அவ சொன்னத செஞ்சிட்டா. நீங்க?"

"நான் என்ன?"

"பதினாறாம் நாளு ஒருத்தரு என் கட்டில் கால புடிச்சிகினு அழுதாரு. 'ஆண்டவரே, இவ பொழச்சா இனிமே பொடி போட மாட்டேன்'னு. எனக்குக் கண்ணுதான் தொறக்கல. காது தொறந்துதான் இருந்துச்சு."

அந்தச் சமயம் என் இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எஸ்தர் என் விரலையே பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தது. எஸ்தர் பொட்டலத்தை உள்ளே விட்டாள். அதன் பின்னாலேயே என் கையிலிருந்து ஒரு டப்பா 'டங்'கென்று விழுந்த சத்தம் சபை முழுவதும் கேட்டது.

பாதிரியார் பையைத் திறந்தார். சடையைப் பார்த்தார். எஸ்தரின் தலையைப் பார்த்தார். சடையை மேஜையில் மெதுவாக வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஜபத்தைத் தொடங்கினார்... மூன்று தும்மலுக்குப் பிறகு.