நாலாவது பாட்டுச் சாமி

அந்த ஆல்பம் வந்த புதிதில் நானும் தமிழ் டீச்சரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பாயில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். சண்டைக்குக் காரணம் சாமி. சாமி உண்டா இல்லையா என்பதில் எங்களுக்குள் தகராறே கிடையாது. அது யாருடைய சாமி என்பதுதான் தகராறு.

கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு, அவள் தமிழ். இருவரும் கீழேயிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவர்கள். எனக்கு ஊர் திண்டுக்கல் பக்கம், அப்பா எங்கள் மாதா கோயிலில் உபதேசியார். அவளுக்கு ராசிபுரம். வெள்ளிக்கிழமை என்றால் பச்சைத் தண்ணீர்கூடப் பொழுது சாய்ந்துதான். செம்மேட்டில் ஒரு மாடி வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். என்னைவிடச் சின்னவள், ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். குணத்தில் எங்களுக்குள் ஒட்டு உறவே இல்லை. நான் குழம்பில் புளியைக் கரைத்துக் கொட்டுகிறவள், அவள் மோந்து பார்த்துவிட்டு நகர்கிறவள். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு பாடகன்.

சினிமா பக்கம் போகாமல் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவன். தொண்டையில் கொஞ்சம் மணல் கிடக்கிற மாதிரி ஒரு குரல். அவனுடைய ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் இருவருமே இருந்தோம், அதுவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் அதில் காலை வணக்கம் போடுகிற அளவுக்கு.

புது ஆல்பத்தின் அட்டைப் படத்திலேயே வம்பு ஆரம்பித்துவிட்டது. காலியான ஒரு கல் மாடம், அதன் முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு. உள்ளே இருக்க வேண்டியவர் செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாரா, கும்பிட வந்தவன் விட்டுவிட்டு உள்ளே ஏறிவிட்டானா, சொல்ல முடியாது. மொத்தம் ஒன்பது பாட்டு. எட்டுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது பாட்டுதான் தமிழ்நாட்டைக் கிளப்பிவிட்டது. அதில் மூன்று வரி:

மலைமேல நீ இருக்க, மழை மட்டும் கீழ வருது.
கூப்பிட்டாக் கேக்காத காதுக்குக் குண்டலம் எதுக்கு?
மூணாம் நாள் வாரேன்னியே, வாசலப் பாத்தே கண்ணு போச்சு.

“முருகன்தான், சந்தேகமே இல்லை” என்றாள் அவள் முதல் தடவை கேட்டதுமே. “மலை இருக்கு, குண்டலம் இருக்கு. உங்க சாமி காதுல குண்டலம் போட்டிருக்காராக்கா?”

“மூணாம் நாள் வரேன்னு சொன்னது யாரு? முருகனா?” என்றேன் நான். “மலைன்னா கல்வாரி மலை. பாட்டே எங்க பாட்டு.”

“மூணாம் நாள் வாரேன்னு எங்க ஊட்டுக் கொழாய் ரிப்பேர்க்காரர்கூடத்தான் சொன்னாரு. அவரு உயிர்த்தெழுந்தா வந்தாரு?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்தால் பாட்டு அவள் பக்கம் போய்விடும். ‘நீ’ என்பது முன்னிலை ஒருமை, அதற்குரிய பெயரைப் பாட்டுக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும் என்று அவள் இலக்கணம் பேசினாள். மூன்று என்றால் மூன்றுதான், அதைக் குண்டலமாக்க முடியாது என்று நான் கணக்குப் பேசினேன். அன்று வைத்த ரசத்தில் உப்பு இல்லை. இருவருமே அதைச் சொல்லவில்லை.

வெளியே நிலைமை நேர்மாறாக இருந்தது. நாங்கள் இங்கே ‘எங்க சாமி, எங்க சாமி’ என்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, டிவியில் இரு பக்கத்தாரும் ‘எங்க சாமியை எப்படித் திட்டலாம்’ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். குண்டலத்துக்காக ஒரு கூட்டம் கோபப்பட்டது. மூணாம் நாளுக்காக இன்னொரு கூட்டம். ரசிகர் குழு மூன்றாக உடைந்து, மூன்றிலும் எங்களைச் சேர்த்துவிட்டார்கள். பாடகனோ ஒரு பேட்டியில், “யாரை நினைச்சு எழுதினேன்னு எனக்கே தெரியலைங்க” என்று சொல்லித் தொலைத்தான். அதற்கப்புறம் எல்லோருக்குமே கோபம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணினார். “கோயில்ல சாமியார் சொன்னாரு, அந்தப் பாட்டைக் கேக்காத பாப்பா.”

“சரிப்பா.”

அப்பா போனை வைக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த மூணாவது வரி மட்டும் எப்படிப் போகுது?” என்றார்.

பாடிக் காட்டினேன். “ம்” என்றார். “கேக்காத” என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்தார்.

எங்கள் வாதத்துக்கு வீடு போதவில்லை. தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மினிபஸ்ஸுக்கு அது ஏறியது. டிரைவர் மலைக்காரர். அவரும் அந்தப் பாடகனுக்கு ரசிகர். ஆல்பம் முழுவதையும் பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். நாங்கள் அவரிடம் தீர்ப்புக் கேட்டோம்.

“ஏனுங்க டீச்சர், இதுல சாமி எங்க வந்துச்சு?” என்றார் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி. “இது செல்போன் டவரைப் பத்தின பாட்டுங்க.”

“டவரா?”

“மலைமேல இருக்குது. கூப்பிட்டாக் கேக்கறதில்ல. ரிப்பேருக்கு ஆளு மூணா நாளு வாரேன்னு சொல்லி இன்னும் வல்லீங்க. குண்டலம்னா மேல வட்டமா மாட்டியிருப்பாங்கல்ல, அது. எங்கூர்ல வந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்கோணும்.”

தமிழ் டீச்சர் என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். வரிக்கு வரி பொருந்துகிற உரையை அவளாலும் மறுக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பாட்டு ஒரு திங்கட்கிழமை நின்றுபோனது. வண்டியில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். டிரைவரிடம் கேட்டதற்கு, “பூசாரி ஐயா ஓனர்கிட்டச் சொல்லிப்போட்டாருங்க, நாலாவது பாட்டைப் போடக் கூடாதுன்னு. எதுக்கு வம்புன்னு ஓனர் மொத்தத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாரு” என்றார். அந்தப் பூசாரி எங்கள் பள்ளிக்கூடத்து ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். ஐம்பது வயதிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டியும் ரெக்சின் பையுமாக வாரத்தில் பாதி நாள் அதே வண்டியில் வருவார். டிவிச் சண்டை மலை ஏறியே வந்துவிட்டது என்று எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் நல்ல மழை. பாதி வழியில் குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வளைவில் வழுக்கி, பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. மூட்டையை இறக்கினால்தான் லாரி அசையும், மழை விட்டால்தான் மூட்டையை இறக்கலாம். தலைமை ஆசிரியருக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். சிக்னல் இல்லை.

“பாத்தீங்களா” என்றார் டிரைவர். “கூப்பிட்டாக் கேக்குதா?”

வண்டிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழ் டீச்சருக்கு அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்துபோய் அவருக்கு முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“ஏனுங்கய்யா, அந்தப் பாட்டுல என்ன தப்புங்க? சாமியத் திட்டிப் பாடறது நம்மகிட்ட எப்பவும் இருக்கறதுதானுங்களே.”

பூசாரி அவளை விநோதமாகப் பார்த்தார். “சாமியத் திட்டறதா? அதுக்கு நான் என்னத்தச் சொல்லப்போறேன்? மழ பேயலீன்னா நாங்க வாசல்ல நின்னு கேக்கற கேள்விக்குச் சாமியே காதப் பொத்திக்கும். அதெல்லாம் அவியவிய பாடு.”

“அப்பறம் எதுக்குங்க நிறுத்தச் சொன்னீங்க?”

“மோளம், கண்ணு. அந்தப் பாட்டுல அடிக்கறான் பாரு, அது சாவு மோளம். இத்தன வளைவுல, இத்தன சனத்த ஏத்திக்கிட்டு, சாவு மோளத்தப் போட்டுக்கிட்டு ஒருத்தன் வண்டி ஓட்டலாமா? நீயே சொல்லு.”

நானும் டீச்சரும் குண்டலத்தையும் கல்வாரியையும் வைத்துக்கொண்டு மாரடித்ததெல்லாம் கண்முன் வந்து போயிற்று. மோளத்தை நாங்கள் கவனிக்கவே இல்லை.

அந்த நேரம் பின்சீட்டிலிருந்து ஒரு குரல். வாழைத்தாரைக் காலடியில் வைத்திருந்த ஒரு அக்கா. “யாரு சொன்னா சாவு மோளம்னு? எங்க தங்கச்சி கண்ணாலத்துக்கு அடிச்ச மோளம்ங்க அது. நான் ஆடியிருக்கேன்.”

“நீ ஆடுனா அது கண்ணால மோளம் ஆயிருமா?”

“போட்டுக் காட்டச் சொல்லுங்க, தெரிஞ்சுட்டுப் போகுது.”

வண்டிதான் நிற்கிறதே, நிற்கிற வண்டியில் எந்த மோளம் அடித்தால் என்ன என்று பூசாரியே அனுமதி கொடுத்தார். டிரைவர் பென் டிரைவைச் செருகினார். நாலாவது பாட்டு. வெளியே மழை தகரக் கூரையில் தன் பங்குக்கு அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் தலையைச் சாய்த்து மோளத்தைக் கேட்டார்கள். நானும் முதல்முறையாக வரிகளை விட்டுவிட்டு மோளத்தைக் கேட்டேன். அது துக்கமா கொண்டாட்டமா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒன்று, கொஞ்ச நேரம் மற்றொன்று.

பாட்டு முடிந்ததும் வண்டி இரண்டாகப் பிரிந்து கத்த ஆரம்பித்தது. இடது பக்கம் சாவு என்றது, வலது பக்கம் கல்யாணம் என்றது. ஒருவர் சீட்டில் தட்டியே காட்டினார். டிரைவர் பாட்டை மறுபடி போட்டார்.

தமிழ் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. அவள் தம்பி பைக்கில் போய் விபத்தில் இறந்தது எனக்குத் தெரியும். வீட்டில் அவன் படம் உண்டு. ஆனால் அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அக்கா, அவன் போனதிலேருந்துதான் வெள்ளிக்கெழம விரதம். முந்தியெல்லாம் இல்ல” என்றாள் என் காதோரமாக. “ஒரு விரதத்துலயும் ஏன்னு கேட்டதில்ல. கேட்டா சாமி கோவிச்சுக்கிட்டு அம்மாவையும் எதாச்சும் பண்ணிருமோன்னு பயம். இவன் பாருங்க, பயமே இல்லாம கேக்கறான். எனக்காகக் கேக்கற மாதிரி இருக்குது. அதனாலதான் எங்க சாமின்னு அடம்பிடிச்சேன். வேற சாமிகிட்டக் கேட்டா என் கேள்வி எப்படிப் போய்ச் சேரும்?”

மூணாம் நாளைப் பற்றி என்னிடம் பதில் தயாராக இருந்தது, வாதத்தில் இதுவரை சொல்லாத புதுப் பதில். அதை விழுங்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “முருகன்தான்டி” என்றேன். “குண்டலம் இருக்குல்ல.”

“பொய் சொல்லாதீங்கக்கா” என்று மூக்கை உறிஞ்சினாள். “மூணாம் நாளு உங்களுதுதான். ரெண்டு பேருகிட்டயும் சேத்துக் கேக்கறான்னு வெச்சுக்கலாம். யாருக்குக் காது கேக்குதோ அவிய வரட்டும்.”

மழை விட்டது. ஆண்களெல்லாம் இறங்கிப்போய் மூட்டைகளை இறக்கினார்கள், பூசாரியும் வேட்டியை இறுக்கிக்கொண்டு தோள் கொடுத்தார். லாரி உறுமி மேலே ஏறியது. சேறும் சகதியுமாக எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்ததும், பாட்டு விஷயத்தில் முடிவு வேண்டும் என்று வாழைத்தார் அக்கா விடவில்லை. ஓனர் தலையாட்ட வேண்டுமானால் பூசாரி தலையாட்ட வேண்டும். டிரைவர்தான் தீர்ப்புச் சொன்னார்.

“ஐயா சொல்றதும் நியாயம், அக்கா சொல்றதும் நியாயம். நேர் ரோட்டுல போடறேன். வளைவு வந்தா நிறுத்திடறேன். சரிங்களா?”

பூசாரி யோசித்தார். “அப்பிடின்னா சரி” என்றார்.

கொல்லிமலையில் நேர் ரோடு எங்கே இருக்கிறது? வண்டி கிளம்பியது. ‘மலைமேல நீ’ என்று ஆரம்பித்தவுடன் ஒரு வளைவு, பாட்டு நின்றது. திரும்பியதும் ‘காதுக்கு’ என்றது, அடுத்த வளைவில் மறுபடி நின்றது. அன்று மட்டுமல்ல, அதற்கப்புறம் மாதக்கணக்கில் நாங்கள் அந்தப் பாட்டைத் துண்டு துண்டாகத்தான் கேட்டோம். இதற்கிடையில் எதிர்ப்புத் தாங்காமல் பாடகனே நாலாவது பாட்டை மட்டும் எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டான். குழுக்களில் அது கிடைக்குமா என்று ரசிகர்கள் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். டிரைவரின் பென் டிரைவில் அது இருப்பதைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை.

ஆனால் அன்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய வளைவில் டிரைவர் பாட்டை நிறுத்தியபோது, தமிழ் டீச்சர் தன்னை மறந்து மிச்ச வரியைப் பாடிவிட்டாள். சுருதி கிட்டத்தில்கூட இல்லை. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பூசாரியைப் பார்த்தாள்.

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் சேறு காய்ந்திருந்தது.

“பாடு கண்ணு” என்றார் திரும்பாமலே. “மோளமில்லாமப் பாடுனாத் தப்பில்ல.”