நைனா சுமந்து வந்த மணி

என் வீட்டுக்கு மின்சாரம் இழுத்தபோது, வாசலுக்கு ஒரு மணியும் வைத்துவிடலாம் என்றார் கம்பி போட வந்தவர். வேண்டாம், வருகிறவர்கள் கதவைத் தட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். கஞ்சப் பிசினாறி என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

முப்பதுகளில் நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சீவுகிற வேலை. பதனிட்ட தோலைச் சாய்வான பலகையில் போட்டு, கத்தியால் ஒரே சீராக மெலிதாக்க வேண்டும். அதில் அவர் கைக்கு ஈடாக அங்கே இன்னொரு கை கிடையாது. விளையாட்டாக ஒரு துண்டைச் சீவிக் கொடுப்பார், வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். வெயிலில் பிடித்தால் அந்தப் பக்கம் விரல் தெரியும். அப்படி ஒன்றைப் பாடப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடுப்பும் தம்பியும் என் பொறுப்பு.

எங்கள் மிஷன் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. அந்த வருடம் ஒரே ஒரு பெண்ணுக்கு, வேலூரில் ஹாஸ்டலில் தங்கி மேலே படிக்க இடம் கிடைக்கும் என்றார்கள். இன்ஸ்பெக்டரம்மா வரும் நாளில் விஞ்ஞானத்தில் ஏதாவது செய்து காட்டி விளக்க வேண்டும். நன்றாகச் செய்கிறவளுக்கு அந்த இடம். பெரிய டீச்சர் நைனாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு ஜெயிச்சா அனுப்புவீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "தாராளமா அனுப்புறேங்க" என்றார் நைனா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் மின்சார மணி செய்தேன். கொல்லரிடம் லாடம் போல வளைத்து வாங்கிய இரும்பு, அதன்மேல் நூல் சுற்றிய செப்புக் கம்பி, உடைந்த கடிகாரத்தின் வில், அதைத் தொட்டு நிற்க ஒரு பித்தளைத் திருகாணி, சைக்கிள் மணியின் கிண்ணம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற பாயிடம் நவச்சாரம் கேட்டு வாங்கி, மூன்று கண்ணாடி ஜாடிகளில் கரைத்து, ஒவ்வொன்றிலும் துத்தநாகத் தகடும் கரிக் கம்பியும் நிறுத்தினேன். முதல்முறை அது கிணுகிணுத்தபோது தம்பி பயந்து தெருவுக்கு ஓடிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் நைனாவை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பேன். "கரண்டு பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வரணும் நைனா. சுத்து முழுசா இருந்தாத்தான் ஓடும். ஓடினா இரும்பு காந்தமாய்டும், வில்லை இழுக்கும், சுத்தியல் அடிக்கும். வில்லு நகந்ததும் இந்தத் திருகாணிய விட்டுடும். சுத்து அறுந்துடும், காந்தம் போய்டும். வில்லு பழைய எடத்துக்கு வந்து திரும்பத் தொடும்."

"தானே அறுத்துக்குது, தானே ஒட்டிக்குதா!" என்று சிரித்தார். பிறகு குனிந்து அந்தத் திருகாணியையே பார்த்தார். "கம்பிய அறுக்காம இத நிறுத்த முடியுமாம்மா?"

படிக்காத மனிதருக்கு எவ்வளவு ஆர்வம் என்று நான் பூரித்துப் போனேன். "ஓ! இந்த ரெண்டும் தொடற எடத்துல உன் தோலு ஒரு துண்டு வெச்சாப் போதும் நைனா. காஞ்ச தோலு கரண்ட்ட விடாது." அவருக்குப் புரியட்டும் என்று அவர் தொழிலிலிருந்தே உதாரணம் எடுத்தேன். என்ன ஒரு புத்திசாலி நான்!

இன்ஸ்பெக்டரம்மா வந்த அன்று காலை வீட்டில் மணி அடித்துப் பார்த்தேன், கணீரென்று அடித்தது. கரைசலைச் சீசாவில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, "மணிய நான் எடுத்தாறேன், நீ சீசாவப் பாத்துக்கோ" என்று நைனா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டார். பள்ளிக்கூடம்வரை குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா முன்னால் ஜாடிகளை இணைத்தேன். மணி அடிக்கவில்லை. கம்பி முனைகள் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுரீரென்று புளித்தது. அப்படியென்றால் ஜாடிகளில் பழுதில்லை, அறுந்திருப்பது மணிக்குள்தான். சுருளைப் பார்த்தேன், முடிச்சுகளைப் பார்த்தேன். காலையில் என் கையாலேயே திருகி வைத்த திருகாணியை மட்டும் பார்க்கவில்லை. "போதும்மா, நேரமாச்சு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. கம்பிக்கு அடியில் காந்த ஊசியைத் திரும்பவைத்துக் காட்டிய பெண்ணுக்கு வேலூர் இடம் போனது.

வீட்டுக்கு வந்து நைனாவின் மடியில் விழுந்து அழுதேன். "உன் மானத்த வாங்கிட்டேன் நைனா" என்று நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். "உடும்மா, பேஜார் பண்ணிக்காத" என்றார். கடைக்குப் போய்ப் பன் வாங்கி வந்து, பிட்டு ஊட்டிவிட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பன்னை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்று வாரம் மணியைத் தொடவே இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம், கம்பியையாவது பிரித்து எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். திருகாணியைத் தளர்த்தியதும் ஏதோ ஒன்று மடியில் உதிர்ந்தது. அரை நகம் அளவு தோல். பித்தளையோடு பித்தளையாக அதே மங்கிய நிறம். வெயிலில் பிடித்தேன். அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது. புத்தகத்திலிருந்த துண்டை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம். ஊரில் வேறு யாருக்கும் வராத சீவல் அது.

ஜாடிகளில் புதிதாக நவச்சாரம் கரைத்து ஊற்றி, திருகாணியை முடுக்கி, கம்பியை இணைத்தேன். மணி அடித்தது. கொல்லைப்புறத்தில் கை கழுவிக்கொண்டிருந்த நைனா ஈரக் கையோடு வந்து நின்றார். எப்படிச் சரியாயிற்று என்று அவர் கேட்கவில்லை. நான் உள்ளங்கையை நீட்டினேன்.

"உங்கம்மாவும் இல்ல. நீயும் பூட்டா ஊட்ல யாரும்மா இருக்கறது?" என்றார்.

"வேணாம்னு நேராவே சொல்லியிருக்கலாமே நைனா."

"அவங்க முன்னாடி சரின்னுட்டேனே. அப்புறம் எப்டி மாட்டேங்கறது?"

அவர் சொல் பொய்யாகிவிடக் கூடாதாம். அதற்காக என்னைத் தோற்கடித்திருக்கிறார். கம்பியைப் பிடுங்கு என்பதுபோல் கையைக் காட்டினார். நான் பிடுங்கவில்லை. சத்தம் கம்மியாகி, முனகி, ஜாடிகள் ஓய்ந்துபோகும்வரை அடிக்கவிட்டேன். அவரும் அதுவரை அங்கேயே நின்றார்.

அந்த வருடத்தோடு என் படிப்பு நின்றது. பத்து வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டேன். மறுபடி எதையும் சொல்லித் தரவில்லை.