சரியாகச் சொன்னால் ஃபெயிலா?

போன வாரம் எனக்குப் பரீட்சை. இந்த வயசில்! உங்களிடம் சொல்லக்கூட வெட்கமாகத்தான் இருக்கிறது.

தமிழ் வாசிப்பேன், நாலாங்கிளாஸ் வரைக்கும் படித்த தமிழ். கன்னடம் பேசுவேன், எழுத்து மட்டும் தெரியாது; இங்கே பஸ் போர்டெல்லாம் கன்னடத்தில்தான். பேத்தமங்களாவில் என் அக்கா கால் முறிந்து கிடக்கிறாள். தனியாகப் போகிறேன் என்றால் மகன் விடவில்லை.

"போர்டு வாசிக்கத் தெரியாம எங்கனா போய் எறங்கிட்டேன்னா? ஸ்டெல்லா டீச்சர் சரின்னு சொல்லட்டும், போ."

ஸ்டெல்லா டீச்சர் எங்கள் எதிர்வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் ஹாலில் எங்களைப் போன்றவர்களுக்குக் கன்னட எழுத்து சொல்லித் தருகிறார். பரீட்சைக்கு என்னை பஸ் ஸ்டாண்டுக்கே கூட்டிப் போய்விட்டார்!

"இந்த பஸ் எங்க போவுது ஆன்ட்டி?"

"பேத்தமங்களா."

"அது?"

"பங்காரப்பேட்டை."

எல்லாம் சரி. டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு. "எந்த எழுத்தை வெச்சு கண்டுபுடிச்சீங்க?"

"எழுத்தா? பால் கேன் ஏத்தறாங்களே... பேத்தமங்களா பஸ்ஸுதான் அது!"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளைக்கு அந்த கேனை வேற பஸ்ல ஏத்துனா? தப்பு உங்களுது இல்ல ஆன்ட்டி, என் கேள்விதான் தப்பு. வாசிக்காமலே பதில் சொல்ல முடிஞ்சா, அது வாசிச்சதுக்கு இன்னா சாட்சி? எதைப் பாத்தா நம்பலாம்னு நான் மொதல்ல யோசிக்கணும். அப்புறம்தான் கேள்வி."

வீட்டுக்கு வந்ததும் நான் கேள்வியே படாத ஒரு ஊர்ப் பெயரைக் கன்னடத்தில் சிலேட்டில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்து... பாதியில் நின்றுவிட்டேன்.

"பாஸ்!" என்றார்.

"இன்னா டீச்சர், பாதிதானே வாசிச்சேன்?"

"அந்தப் பாதி நெசமா வாசிச்சது ஆன்ட்டி."

முழுசாகச் சொன்னால் ஃபெயில், பாதி சொன்னால் பாஸ். உங்களுக்காவது புரிகிறதா? எங்கள் காலத்தில் பதில் சரி என்றால் மார்க். எப்படித் தெரியும் என்று யார் கேட்டார்கள்? என்கூடப் படித்ததில் எத்தனை பேர் பால் கேனைப் பார்த்தே பாஸானார்களோ!

டீச்சர் சொன்னதும் மகன் சம்மதித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை தனியாக பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஒரு பஸ் வந்தது. யாரையும் கேட்கவில்லை. போர்டை அண்ணாந்து பார்த்து, முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன்.

"இன்னாம்மா, போர்டையே பாத்துக்கினு நிக்கிறீங்க? ஏறுங்க!" கண்டக்டர் கத்தினார்.

"இருப்பா... இன்னும் ரெண்டெழுத்து பாக்கி இருக்குது" என்றேன்.

பஸ் போய்விட்டது.