வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்த கரிவண்டி

வாடிக்கைக்காரர்கள் ஏன் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், வேலைக்காரர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்றெல்லாம் இப்போது படித்தவர்கள் ஆராய்ச்சி செய்கிறார்களாம். நன்றாகச் செய்யட்டும். எங்கள் முதலாளி அதை யுத்த காலத்திலேயே, தலையில் முக்காடு போட்டுக் கடைசி சீட்டில் உட்கார்ந்து செய்து முடித்துவிட்டார்.

நான் அப்போது கம்பத்துக்கும் தேனிக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸின் முதுகில் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினோம். காற்றாடியைக் கையால் சுழற்றி அடுப்பை மூட்டுவது என் வேலை. கரி அப்பிய என் மூஞ்சியைப் பார்த்து என் பெண்டாட்டியே, "யாருய்யா நீரு?" என்று கேலி செய்வாள்.

டிரைவர் அண்ணன் தங்கமான மனுசர். சின்னமனூரில் கொடிக்காலிலிருந்து பெண்கள் கொண்டுவரும் வெற்றிலைக் கூடைகளைக் கூரைமேல் ஏற்றுவோம். வண்டி சூடேறினால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்த வேண்டும். அண்ணன் அதோடு விடமாட்டார். வாளியோடு கூரைக்கு ஏறி, ஒரு கூடை பாக்கியில்லாமல் கையால் தண்ணீர் தெளிப்பார். "வாடுன வெத்தலைய வச்சுக்கிட்டு ஆத்தாமாரு சந்தையில என்ன பண்ணுவாக?" என்பார். அதனால் சனிக்கிழமைச் சந்தைக்கு நாங்கள் என்றைக்கும் லேட்.

இந்த நேரத்தில் இன்னொருவர் புது வண்டி விட்டார். மெத்தை சீட்டு, நேரம் தப்பாது. ஆனால் அதில் ஈ ஓட்டினார்கள். எங்கள் ஓட்டை வண்டியில் நிற்க இடமில்லை. முதலாளிக்குச் சந்தோஷம் வர வேண்டாமா? சந்தேகம் வந்தது! கணக்குப்பிள்ளை வேறு தூபம் போட்டார். "லேட்டாப் போற வண்டிக்கு இம்புட்டுக் கூட்டமா? ஓசியில ஆளேத்துறாக முதலாளி."

முதலாளி அண்ணனைக் கூப்பிட்டார். "இந்தச் சந்தைக்கு வண்டி நேரத்துக்குப் போகணும். வழியில வேண்டாத சோலிக்கு நின்னுச்சுன்னு தெரிஞ்சா, அன்னையோட உனக்கு வேலை இல்ல."

அண்ணனுக்குக் கையகல நிலம் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது. நான் புலம்பித் தீர்த்தேன். அண்ணனோ, "பாத்துக்கலாம்டா" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை உத்தமபாளையத்தில் முக்காடு போட்ட ஒருவர் ஏறினார். டிக்கெட் கொடுக்கும்போது முக்காட்டுக்குள் சிவப்புக் கடுக்கன் மின்னியது. அந்தக் கடுக்கன் எனக்குத் தெரியாததா? எங்கள் முதலாளி!

வீரபாண்டி ஆற்றங்கரையில் அண்ணன் வழக்கம்போல நிறுத்தி, வாளியோடு கூரைக்கு ஏறிவிட்டார். கண்ணைக் காட்டினேன், இருமினேன், விசிலை ஊதித் தள்ளினேன்.

"ஏலே, தொண்டையில என்ன முள்ளா குத்துது? நீயும் ஒரு வாளி மோந்துட்டு வா!" என்றார் மேலிருந்து. தலையில் அடித்துக்கொண்டு மோந்துவரப் போனேன்.

அடுத்த மேட்டில் வண்டி மூச்சை விட்டு நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி, கேலியும் சிரிப்புமாகத் தள்ளினார்கள். முக்காட்டுக்காரர் மட்டும் அசையவில்லை. வெற்றிலைக்கார அம்மா ஒருத்தி ஜன்னலைத் தட்டினாள்.

"ஏய்யா, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீகளே! எறங்கித் தள்ளுங்க!"

இறங்கினார். சொந்த பஸ்ஸை, காசு கொடுத்து ஏறி, முதலாளியே தள்ளினார்! நான் சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்துக்கொண்டேன்.

"காசும் குடுத்து வண்டியும் தள்ளுறீகளே, அந்தப் புது வண்டியில போனா என்ன?" என்று மூச்சு வாங்க அந்த அம்மாவிடம் கேட்டார்.

"ஒருக்காப் போனேன்யா. வெரசாத்தான் போச்சு. எறக்கிப் பாத்தா வெத்தல பூராம் வதங்கிக் கெடக்கு. இந்த டிரைவரு எங்க கூடைய அவுக வீட்டுக் கூடையாட்டம் பாக்குறாக. அவுகளுக்காகத் தேனி வரைக்கும் தள்ளச் சொன்னாலும் தள்ளுவோம். இவுக முதலாளி யாரோ, போன சென்மத்துல புண்ணியம் பண்ணுன ஆளு. சரி சரி, வாயப் பாக்காமத் தள்ளுங்க!"

புண்ணியம் பண்ணுன ஆள் வாயை மூடிக்கொண்டு தள்ளினார்.

தேனியில் இறங்கியதும் முக்காட்டை எடுத்தார். கை, வேட்டி எல்லாம் கரி. அண்ணன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முதலாளி விறுவிறுவென்று சந்தைக்குள் நடந்தார்.

"போச்சுடா நம்ம பொழப்பு" என்று அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் ஒரு வாய் சோறு தின்னவில்லை.

புறப்படும் நேரத்தில் முதலாளி திரும்பி வந்தார். கையில் புத்தம் புதுப் பூவாளி, நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவோமே, மூக்கில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அதுதான். அண்ணன் மடியில் வைத்தார்.

"கையால தெளிச்சா அடி வெத்தலைக்கு எப்படிய்யா ஈரம் எறங்கும்? இனிமே இதுல ஊத்து."

அண்ணன் பூவாளியை அணைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார். நான் விசிலை எடுத்து ஊதினேன் பாருங்கள், சந்தையே திரும்பிப் பார்த்தது.

திரும்பும் வழியில் மேட்டில் வண்டி மறுபடி நின்றது. யாரும் சொல்லாமலே முதல் ஆளாக முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.