வாயில் கை

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் என் தங்கை வீட்டில் இருந்தேன். சாப்பிடக் கை கழுவுகிற நேரத்தில் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு அலறல். "ஐயோ… எம்புள்ள."

ஓடினேன். நாலு வயது திவ்யா பாயில் கிடந்தாள். காலையிலிருந்து காய்ச்சலாம். வலிப்பு வந்து கை கால் உதறி, இப்போது அசைவே இல்லை. அவளுடைய அம்மா ராதிகா கூப்பிடக் கூப்பிடப் பதில் இல்லை.

ஒரு லயத்தில் கூட்டம் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்கிறீர்கள்? கறி தாளிக்கிற நேரம்கூட ஆகாது. ஒருவர் வெங்காயம் நசுக்கிக்கொண்டு வந்தார். ஒருவர் சோடா. ஒருவர் திருநீறு. "வாயத் தொறந்து தண்ணிய ஊத்துங்க" என்று கங்காணி உத்தரவு போட்டார். ஒருத்தி கொழும்பிலிருக்கும் அண்ணனுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்ட, போனுக்குள்ளிருந்தும் ஒரு வைத்தியம் வந்தது.

படித்தவன், வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்குப் புத்தி சொல்கிறவன்… நான் என்ன செய்தேன்? என் மோட்டார் சைக்கிள் சாவியைத் திவ்யாவின் கையில் திணித்தேன். வலிப்புக்கு இரும்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்போதுதான் செல்வி டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவம் அவர் பொறுப்பில்தான். போன மாதம் ரப்பர் பொம்மையை வைத்து முதலுதவிப் பயிற்சி எடுத்தவர்.

தோளைத் தட்டி, "திவ்யா… திவ்யா" என்றார். பதில் இல்லை.

"மூச்சு வருதான்னு கேக்கணும். பத்து செக்கன் பேசாம இருங்க."

பத்து செக்கன் — நம்மவர்களா? "மூச்சு வருதா? மூச்சு வருதா?" என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

டீச்சர் நிமிர்ந்தார். "எல்லாரும் வாயில கை."

மடுவத்தில் குறும்பும் குழப்படியும் பண்ணுகிற இருபது வாண்டுகளை அடக்குகிற அதே குரல். சட்டென்று எல்லோர் விரலும் உதட்டில். கங்காணிக்கும்தான். எனக்கும்தான்.

டீச்சர் பிள்ளையின் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, வாயருகே காதை வைத்து நெஞ்சைப் பார்த்தார். ராதிகா உதட்டில் வைத்த விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு நல்லா வருது."

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். "வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, பொறை ஏறிடும். அண்ணே, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க." போட்டேன். பேசி முடித்ததும் விரல் தானாக உதட்டுக்குத் திரும்பியது.

மூச்சு இல்லாவிட்டால் அந்த நிமிடமே நெஞ்சை அமுக்கத் தொடங்கியிருப்பாராம். முதலுதவியில் அதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை… ஊர் வாயை மூடுவதுதான்.

ஆம்புலன்ஸ் மேடேறும் சத்தம் கேட்டபோது திவ்யா கண் திறந்தாள். (மறுநாளே பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், பயப்படாதீர்கள்.) அம்மாவைப் பார்த்தாள். பிறகு உதட்டில் விரலோடு சுற்றி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"டீச்சர்… இவங்கல்லாம் கொழப்படி பண்ணாங்களா?"

"ஆமா கண்ணு. எல்லாருந்தான்."

மறுத்துப் பேச எங்களுக்கு வாய் ஏது?